கபர் சிங் நேகி: மலையூரிலிருந்து நவ் ஷப்பேல் வரை

உலகப் போர்களில் இறந்த கிராமத்துப் படைவீரர் ஒருவரின் வரலாற்றை எழுத முற்படுவோருக்குக் கிடைக்கும் ஆவணங்களில் பெரும்பாலானவை அவரைப் பற்றிப் பிறர் எழுதியவையே. படையில் அவருக்குக் கொடுக்கப்பட்ட எண், சேர்ந்த மாதம், இறந்த நாள், விருது ஏதும் கிடைத்திருந்தால் அரசிதழில் வெளிவந்த நான்கைந்து வரிகள் என்று படைத்துறை தன் தேவைக்காக எழுதிவைத்த குறிப்புகள் எஞ்சுகின்றன. வீட்டில் எத்தனை வயிறுகள் இருந்தன, நிலம் எவ்வளவு, கடன் எவ்வளவு, எந்த எண்ணத்தோடு அவர் ஊரைவிட்டுக் கிளம்பினார் என்பவற்றைச் சொல்லும் தாள் அநேகமாக இருப்பதில்லை. ஆகவே அத்தகைய ஒருவரின் வாழ்க்கையை அறிய வேண்டுமானால், அவர் பிறந்த மண்ணின் வேளாண்மையையும் அவரைத் தேடிவந்த படையின் ஆள்சேர்ப்பு முறையையும் அவர் இறந்த களத்தின் அமைப்பையும் ஒருங்கே படிப்பதைத் தவிர வேறு வழியில்லை. முதல் உலகப் போரில் 19 வயதில் பிரான்ஸ் நாட்டில் இறந்த கபர் சிங் நேகியின் வரலாறு இதற்குப் பொருத்தமான சான்று. பிரிட்டிஷ் பேரரசு போர்க்களத் துணிவுக்காக வழங்கிய மிக உயர்ந்த பதக்கமான விக்டோரியா கிராஸ் அவருக்கு வழங்கப்பட்டது. அத்தனை பெரிய புகழுக்கு உரியவரைப் பற்றியே இவ்வளவு குறைவாகத்தான் தெரிகிறது என்றால், பதக்கம் பெறாமல் இறந்த ஆயிரக்கணக்கானோரின் நிலையை எளிதில் ஊகிக்கலாம்.

கபர் சிங் 1895ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் நாள், இன்றைய உத்தராகண்ட் மாநிலத்தில் சம்பா என்னும் சிற்றூரை அடுத்த மஞ்சௌர் கிராமத்தில் பிறந்தார். அக்காலத்தில் அப்பகுதி தெஹ்ரி கர்வால் என்ற சமஸ்தானத்தைச் சேர்ந்தது. கர்வாலின் எஞ்சிய பகுதி பிரிட்டிஷாரின் நேரடி ஆட்சியில் இருந்தது. இமயத்தின் நடுமலைப் பகுதியான அங்கே சமநிலம் அரிது. மலைச்சரிவை வெட்டிக் கல்லடுக்கிப் படிப்படியாக அமைத்த குறுகலான வயல்களில் கேழ்வரகும் குதிரைவாலியும் கோதுமையும் விளைந்தன. ஆற்றோரப் பள்ளத்தாக்குகளில் மட்டும் நெல் நடவு இருந்தது. ஒரு குடும்பத்தின் நிலம் ஒரே இடத்தில் இராமல் மேலும் கீழும் துண்டுதுண்டாகச் சிதறிக் கிடந்ததாலும், ஒவ்வொரு தலைமுறையிலும் பங்கு பிரிந்ததாலும், விளைச்சல் ஆண்டு முழுவதற்கும் போதாத வீடுகள் மிகுதி. காடுகளில் விறகுக்கும் மேய்ச்சலுக்கும் மக்களுக்கு இருந்த உரிமைகளை ஆட்சியாளர்கள் ஒவ்வொன்றாகச் சுருக்கிக்கொண்டு வந்தனர். சுற்றுப்பயணம் வரும் அதிகாரிகளின் மூட்டை முடிச்சுகளைக் கிராமத்தார் கூலியின்றிச் சுமக்க வேண்டும் என்ற கட்டாய உழைப்பு முறையும், பேகார் என்ற பெயரில், மலைநாடெங்கும் நடைமுறையில் இருந்தது. ஏர் உழுவதைத் தவிர ஏறத்தாழ எல்லா வயல்வேலையையும், தண்ணீர், விறகு, தீவனம் கொண்டுவரும் வேலையையும் பெண்களே செய்தனர். ஆண்களில் ஒருவர் வெளியூர் சென்று பணம் அனுப்பினால்தான் வீட்டின் கணக்கு நேராகும் என்ற நிலையில், பணமாகவும் மாதந்தவறாமலும் வரும் ஒரே வருவாயாகப் படைச்சம்பளம் விளங்கியது. மணியார்டர் பொருளாதாரம் என்று உத்தராகண்ட் மக்கள் இன்றும் குறிப்பிடும் வாழ்க்கைமுறையின் வேர் இதுதான்.

கர்வாலிகளைப் படை தேடிவந்ததற்கு வேறொரு காரணமும் இருந்தது. 1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்குப் பின்னர், இந்தியர்களில் சில இனத்தார் மட்டுமே பிறவியிலேயே போர்க்குணம் உடையவர்கள் என்ற கொள்கை பிரிட்டிஷ் படைத்தலைமையில் வலுப்பெற்றது. 1885 முதல் 1893 வரை இந்தியப் படையின் தலைமைத் தளபதியாக இருந்த ஃபிரெடெரிக் ராபர்ட்ஸ் அக்கொள்கையின் முதன்மையான ஆதரவாளர். அதற்கு முன் சென்னைப் படையின் தளபதியாக இருந்த அவர், தென்னாட்டு வீரர்கள் நீண்ட அமைதிக் காலத்தில் வலுவிழந்துவிட்டனர் என்று கருதினார். அடுத்து வந்த பத்தாண்டுகளில் சென்னைக் காலாட்படைப் பிரிவுகள் பல கலைக்கப்பட்டன அல்லது பஞ்சாபியரைக் கொண்டு நிரப்பப்பட்டன. பாலமும் சாலையும் அமைக்கும் பொறியியல் பிரிவான சென்னை சாப்பர்ஸ் மட்டும் தன் பெருமை குன்றாமல் நீடித்தது. ராபர்ட்ஸ் தலைமைத் தளபதியாக இருந்த 1887ஆம் ஆண்டில்தான், அதுவரை கூர்க்காப் படைப்பிரிவுகளில் கலந்து பணியாற்றிய கர்வாலிகளுக்கெனத் தனிப் படைப்பிரிவு அல்மோராவில் தோற்றுவிக்கப்பட்டு, காளுடண்டா என்ற மலைமுகட்டுக்கு மாற்றப்பட்டது. பின்னர் வைஸ்ராயின் பெயரால் லான்ஸ்டௌன் என்று அழைக்கப்பட்ட அந்த ஊர் இன்றுவரை அப்படைப்பிரிவின் தலைமையிடமாக உள்ளது. கரிசலும் செம்மண்ணும் உழுத தென்னாட்டு இளைஞருக்கு அடைபட்ட கதவு, இமயத்துப் படிவயல்களில் உழைத்த இளைஞருக்கு அதே கையால் திறக்கப்பட்டது. இரத்தத்தில் ஊறிய வீரம் என்று சொல்லப்பட்டது, பெருமளவுக்கு ஓர் அலுவலகக் கொள்கையின் விளைவு.

1913 அக்டோபரில் இந்தக் கர்வாலிப் படைப்பிரிவான 39ஆவது கர்வால் ரைஃபிள்ஸின் இரண்டாம் பட்டாளியனில் (பட்டாளியன் என்பது ஏறத்தாழ 700 முதல் 1,000 பேர் கொண்ட காலாட்படை அலகு) கபர் சிங் சேர்ந்தபோது அவருக்கு வயது 18. மற்றக் காலாட்படைகளில் சிப்பாய் என்று வழங்கப்பட்ட கடைநிலை வீரர், ரைஃபிள் படைப்பிரிவுகளில் ரைஃபிள்மேன் எனப்பட்டார். மாதச் சம்பளம் 11 ரூபாய். அமைதிக் காலத்தில் உணவுச் செலவின் பெரும்பகுதி அதிலிருந்தே போக, எஞ்சியதை ஊருக்கு அனுப்ப வேண்டும். இளவயதிலேயே திருமணமாகியிருந்த அவருடைய மனைவி சதூரி தேவி மஞ்சௌரில் இருந்தார். சேர்ந்து ஓராண்டு நிறைவதற்குள் போர் மூண்டது. ஐரோப்பாவில் இந்தியக் காலாட்படையை இறக்குவது என்ற முடிவு, பிரிட்டனின் சொந்தப் படை முதல் சில வாரங்களிலேயே கடுமையாகச் சிதைந்ததால் அவசரத்தில் எடுக்கப்பட்டது. லாகூர், மீரட் என்ற இரு டிவிஷன்கள் (பல பட்டாளியன்கள் அடங்கிய பெரும்படை அலகுகள்) அனுப்பப்பட்டன. கர்வால் பட்டாளியன்கள் இரண்டும் மீரட் டிவிஷனில் இடம்பெற்று, 1914 அக்டோபரில் பிரான்ஸின் தென்கரைத் துறைமுகமான மார்செயில் இறங்கின.

வந்திறங்கியவர்கள் எத்தகைய நிலையில் போர்முனைக்கு அனுப்பப்பட்டனர் என்பதை விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் பின்னால் நிகழ்ந்த இழப்புகளில் பாதிக்கு அதுவே விளக்கம். எல்லைப்புற மலைகளில் பழங்குடியினரை அடக்குவதற்கென்று அமைக்கப்பட்ட படை அது. கனரக பீரங்கிகளும் போதிய இயந்திரத் துப்பாக்கிகளும் அதனிடம் இல்லை. ஊரில் பழகிய துப்பாக்கியை மார்செயில் வாங்கிக்கொண்டு புதிய வகைத் துப்பாக்கி கொடுக்கப்பட்டது. பருத்திச் சீருடையோடு வந்தவர்களுக்குக் குளிராடை முழுமையாகக் கிடைக்குமுன்பே போர்முனை இருந்த பிளாண்டர்ஸ் பகுதியின் மழையும் பனியும் தொடங்கிவிட்டன. இறந்தவர்களுக்கும் காயமுற்றவர்களுக்கும் ஈடாகப் புதியவர்களை அனுப்பும் ஏற்பாடு மிகவும் வலுவற்றதாக இருந்தது: வயது முதிர்ந்தவர்களும் நோயாளிகளும் சேமப்படை என்ற பெயரில் வந்தனர், வேறு பிரிவுகளிலிருந்து ஆட்கள் பிரித்தெடுக்கப்பட்டு ஒட்டவைக்கப்பட்டனர். தமக்கு மொழி தெரிந்த, தம் பெயர் அறிந்த அதிகாரி இறந்துபோனால், அந்த இடத்திற்கு வருபவர் கர்வாலியோ இந்துஸ்தானியோ அறியாதவராகவே இருந்தார். காயம் ஆறியவர்களை மீண்டும் பதுங்குகுழிக்கே திருப்பி அனுப்பியது வீரர்களின் உள்ளத்தை ஆழமாகப் புண்படுத்தியது. ஒருமுறை குருதி சிந்தியவன் கடமையை நிறைவேற்றிவிட்டான், இனி வீடு திரும்பலாம் என்பதே அவர்கள் அறிந்திருந்த நியாயம்.

அந்த வருத்தம் இன்று நமக்குத் தெரியவருவது ஒரு தணிக்கை அலுவலகத்தால். இந்திய வீரர்களின் கடிதங்களைப் படித்துப் பார்க்க 1914ஆம் ஆண்டின் இறுதியில் பிரான்ஸில் தனியே தணிக்கைப் பிரிவு நிறுவப்பட்டது. அது மொழிபெயர்த்து வைத்த பகுதிகள் லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. எழுதத் தெரியாதவர்கள் தோழர்களிடமோ எழுத்தர்களிடமோ சொல்லி எழுதுவித்த கடிதங்கள் அவை. தணிக்கை உண்டென்பதை அறிந்த வீரர்கள், இந்தியரைக் கருமிளகு என்றும் வெள்ளையரைச் செம்மிளகாய் என்றும் மறைமொழியில் குறித்து, எது எவ்வளவு தீர்ந்துவிட்டது என்று ஊருக்குத் தெரிவித்தனர். இளைய தம்பி எக்காரணம் கொண்டும் படையில் சேர வேண்டாம் என்று இதே வழியில் எச்சரித்தவர்களும் உண்டு. அரசருக்கு உண்ட உப்பை மறவாமல் போரிடுவோம் என்ற உறுதியும், இங்கிருந்து யாரும் உயிரோடு திரும்பப் போவதில்லை என்ற துயரமும் ஒரே கடிதத்தில் அடுத்தடுத்து இடம்பெறுவதைக் காணலாம். இவற்றுள் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, அவர்கள் பேரரசின் மீது பக்தி கொண்டவர்கள் என்றோ வஞ்சிக்கப்பட்ட அப்பாவிகள் என்றோ முடிவு கட்டுவது அவர்களுக்குச் செய்யும் அநீதியாகும். மானத்தையும் சம்பளத்தையும் அச்சத்தையும் ஒருசேரச் சுமந்த மனிதர்கள் அவர்கள்.

1915 மார்ச்சில் பிரிட்டிஷ் முதலாம் இராணுவத்தின் தளபதி டக்ளஸ் ஹெய்க், நவ் ஷப்பேல் என்ற சிற்றூரைக் கைப்பற்றி அதற்கப்பால் உள்ள மேட்டுநிலத்தை நோக்கி முன்னேறத் திட்டமிட்டார். தாக்குதலின் ஏறத்தாழப் பாதிப் பொறுப்பு, ஜேம்ஸ் வில்காக்ஸ் தலைமையிலான இந்தியப் படையணிக்கு ஒதுக்கப்பட்டது. அதன் முதல் அலையில், கர்வால் பட்டாளியன்கள் இரண்டும் அடங்கிய கர்வால் பிரிகேடு நின்றது. அப்பகுதி தாழ்வான சதுப்புவெளி. சிறிது தோண்டினாலே நீர் ஊறும் என்பதால் இருதரப்பினரும் குழியை ஆழப்படுத்த இயலாமல், மண்மூட்டைகளை அடுக்கி மார்பளவுக்கும் மேலான சுவர்களை எழுப்பி அவற்றின் பின்னே பதுங்கினர். மார்ச் 10ஆம் நாள் காலை 7.30 மணிக்கு முந்நூற்றுக்கும் மேற்பட்ட பீரங்கிகள் ஒரே நேரத்தில் முழங்கத் தொடங்கி 35 நிமிடம் ஓயாமல் சுட்டன. முட்கம்பி வேலிகள் அறுந்தன, ஜெர்மானியரின் மண்சுவர்கள் பல இடங்களில் தரைமட்டமாயின. 8.05 மணிக்குக் காலாட்படை எழுந்து ஓடியது.

அந்த ஓட்டத்தில் கர்வாலிகளின் இரு பட்டாளியன்களுக்கும் நேர்ந்தவை முற்றிலும் வெவ்வேறு. முதலாம் பட்டாளியன் புகையிலும் புழுதியிலும் திசை தவறி வலப்பக்கம் விலகியது. அது சென்றடைந்த இடம் குண்டுவீச்சுக்கு உட்படாத பகுதி என்பதால், அங்கே முட்கம்பி அறுபடாமல் இருந்தது. கம்பியைக் கையால் பிடுங்கியும் வெட்டியும் உள்ளே நுழைந்தவர்கள் மிகப் பெரிய இழப்போடுதான் அந்தக் குழியைப் பிடித்தனர். தாக்குதலில் உடன்சென்ற பிரிட்டிஷ் அதிகாரிகள் அனைவரும் இறந்தனர். கபர் சிங்கின் இரண்டாம் பட்டாளியன் குறித்த திசையிலேயே சென்று முதல் வரிசைக் குழிகளை விரைவில் அடைந்தது. ஆனால் ஒரு குழியை அடைவது வேறு, அதை முழுவதும் கைப்பற்றுவது வேறு.

பதுங்குகுழிகள் நேர்க்கோட்டில் அமைக்கப்படுவதில்லை. உள்ளே விழும் குண்டின் சிதறல் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை பாயாமல் தடுக்கவும், உள்ளே புகுந்த எதிரி நெடுந்தொலைவு சுடாமல் தடுக்கவும், சில கெஜத்திற்கு ஒருமுறை குறுக்கே கெட்டியான மண்தடுப்பு ஒன்றை விட்டு, அதைச் சுற்றி வளைந்து செல்லுமாறு குழியை வெட்டுவார்கள். எனவே குழிக்குள் போரிடுவோர் ஒவ்வொரு தடுப்பையும் சுற்றித் திரும்பும்போது, மறுபக்கம் யார் எத்தனை பேர் எந்த ஆயுதத்தோடு நிற்கிறார்கள் என்று அறியாமலேயே திரும்ப வேண்டும். இதற்கென உருவான முறை, துப்பாக்கி முனையில் கத்தி பொருத்திய ஓரிருவர் முன்னே செல்ல, கையெறிகுண்டு வீசுவோர் பின்னே நின்று தடுப்பைத் தாண்டிக் குண்டை எறிவதும், அது வெடித்த கணத்தில் முன்னவர் மூலையைத் திரும்பி உள்ளே பாய்வதுமாகும். அந்நாளைய கையெறிகுண்டுகளில் பல, வெறும் ஜாம் டப்பாவில் வெடிமருந்தும் இரும்புத் துண்டுகளும் திணித்துத் திரி வைத்து முனையிலேயே செய்யப்பட்டவை. நனைந்தால் வெடிக்காது, தாமதித்தால் கையிலேயே வெடிக்கும். எஃகுத் தலைக்கவசம் அப்போது படையில் யாருக்கும் கிடையாது. இத்தகைய குழுவில் மூலையை முதலில் திரும்பும் ஆளாக இருப்பதைவிட ஆபத்தான இடம் அன்றைய போரில் வேறு இருந்ததாகத் தெரியவில்லை.

ஒவ்வொரு தடுப்பிலும் அந்த முதல் ஆளாக இருந்தவர் கபர் சிங் என்பதும், எதிரிகள் மூலைக்கு மூலை பின்தள்ளப்பட்டு இறுதியில் சரணடைந்தனர் என்பதும், அச்சண்டையிலேயே அவர் கொல்லப்பட்டார் என்பதும் ஏப்ரல் இறுதியில் வெளிவந்த அரசிதழ்க் குறிப்பின் சாரம். மகனுடைய சாவைப் பற்றி மஞ்சௌர் கிராமம் என்றென்றைக்கும் அறியக்கூடியதாக அரசு தந்த விவரம் இவ்வளவே. அவருக்கு 20 வயது நிரம்பியிருக்க வேண்டிய நாள் கடந்து ஒரு வாரத்தில் அது அச்சேறியது.

ஊர் கைப்பற்றப்பட்டது, அதற்குமேல் எதுவும் கைகூடவில்லை. பின்னிருந்த தளபதிகளுக்கும் முன்னே சென்றவர்களுக்கும் இடையே தந்திக் கம்பிகள் அறுந்ததால் உத்தரவுகள் மணிக்கணக்கில் தாமதமாயின, குண்டுகள் தீர்ந்தன, ஜெர்மானியர் துணைப்படையைக் கொண்டுவந்து சேர்த்தனர். மார்ச் 13ஆம் நாள் தாக்குதல் கைவிடப்பட்டபோது பிரிட்டிஷ் தரப்பின் மொத்த இழப்பு 11,000ஐத் தாண்டியிருந்தது. அதில் இந்தியப் படையணியின் பங்கு மட்டும் 4,200க்கும் மேல். கர்வாலிகளின் இரு பட்டாளியன்களிலும் எஞ்சியவர்களைச் சேர்த்தால்தான் ஒரு பட்டாளியனாகத் தேறும் என்ற நிலை உருவாகி, சில நாட்களில் அவை ஒன்றாக இணைக்கப்பட்டன. அவ்வாண்டின் இறுதியில் இந்தியக் காலாட்படை முழுவதும் பிரான்ஸிலிருந்து விலக்கப்பட்டு, பெரும்பகுதி மெசப்பொத்தேமியாவுக்கு, அதாவது இன்றைய இராக்கிற்கு, அனுப்பப்பட்டது.

விக்டோரியா கிராஸ் பெறும் தகுதி இந்திய வீரர்களுக்கு 1911ஆம் ஆண்டின் டெல்லி தர்பாரில்தான் அறிவிக்கப்பட்டது. அதுவரை எத்தனை துணிவு காட்டினாலும் அவர்களுக்கு வேறு பதக்கமே வழங்கப்பட்டது. கபர் சிங்கிற்கு முன்பே, 1914 நவம்பரில் ஃபெஸ்துபேர் அருகே நடந்த இதேபோன்ற குழிச்சண்டையில், முதலாம் கர்வால் பட்டாளியனைச் சேர்ந்த தர்வான் சிங் நேகி அதைப் பெற்றார். அவர் உயிர் பிழைத்தார். அரசர் ஐந்தாம் ஜார்ஜ் பிரான்ஸுக்கு வந்து நேரில் அணிவித்தார். என்ன வேண்டும் என்று கேட்கப்பட்டபோது தம் பகுதியில் கர்ணபிரயாகில் ஒரு பள்ளி வேண்டுமென்று அவர் கேட்டதாகக் கர்வாலில் வழங்கும் செய்தி, பிழைத்துத் திரும்பிய ஒருவரால் ஊருக்கு என்ன கிடைக்கக்கூடும் என்பதைக் காட்டுகிறது. கபர் சிங்கின் ஊருக்கு அவ்வாறு கேட்கக்கூடியவர் திரும்பி வரவில்லை.

அவருடைய உடல் அடையாளம் காணப்படவில்லை. இங்கிலாந்தின் பிரைட்டன் நகர மருத்துவமனைகளில் இறந்த இந்து, சீக்கிய வீரர்கள் 53 பேர் அருகிலிருந்த குன்றில் உரிய சடங்குகளோடு எரியூட்டப்பட்டனர், அவ்விடத்தில் சத்ரி என்ற நினைவு மண்டபமும் எழுந்தது. களத்திலேயே மண்ணோடு மண்ணாகக் கலந்தவர்களுக்கு அந்தச் சடங்கும் வாய்க்கவில்லை. அத்தகையோருக்காக நவ் ஷப்பேலிலேயே ஹெர்பர்ட் பேக்கர் வடிவமைத்த நினைவிடம் 1927 அக்டோபரில் திறக்கப்பட்டது. தாமரைத் தலைப்பு கொண்ட உயர்ந்த தூணும் கல் அளியடைப்பும் உடைய அதன் வட்டச்சுவரில், கல்லறை அறியப்படாத 4,700க்கும் மேற்பட்ட இந்தியரின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. கபர் சிங் நேகியின் பெயரும் அங்கே உள்ளது.

பெயரைக் கல்லில் பொறிப்பது கட்டாயக் கடமையாகக் கருதப்பட்டது ஐரோப்பாவில் மட்டுமே என்பதை இங்கு அழுத்தமாகச் சொல்ல வேண்டும். மெசப்பொத்தேமியாவில் இறந்தோருக்காக எழுப்பப்பட்ட பாஸ்ரா நினைவிடத்தில் பிரிட்டிஷ் வீரர்கள் அனைவரின் பெயரும் இந்திய அதிகாரிகளின் பெயரும் இடம்பெற, சாதாரண இந்திய வீரர்கள் தத்தம் படைப்பிரிவின் கீழே எண்ணிக்கையாக மட்டும் குறிக்கப்பட்டனர். போர்க் கல்லறைகளைப் பராமரிக்கும் காமன்வெல்த் ஆணையம் 2021ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கையில் இப்பாகுபாட்டை ஒப்புக்கொண்டு, ஆசிய, ஆப்பிரிக்க வீரர்களும் பணியாட்களுமாக 45,000 முதல் 54,000 பேர் சமமற்ற முறையில் நினைவுகூரப்பட்டனர் என்றும், குறைந்தது 1,16,000 பேர் பெயரால் நினைவுகூரப்படவே இல்லை என்றும் மதிப்பிட்டு மன்னிப்புக் கோரியது. அதே படைப்பிரிவில், அதே சம்பளத்தில், அதே மலையிலிருந்து சென்ற இருவரில் பிரான்ஸில் இறந்தவருக்குப் பெயரும் இராக்கில் இறந்தவருக்கு எண்ணும் கிடைத்தன. முதல் உலகப் போரில் உயிரிழந்த இந்திய வீரர்கள் ஏறத்தாழ 74,000 பேர் என்று கொள்ளப்படுகிறது. தமிழ்நாட்டின் பல ஊர்களில் பழைய கட்டடங்களின் சுவரில் இன்றும் காணப்படும் பளிங்குப் பலகைகளும், இவ்வூரிலிருந்து பெரும்போருக்குச் சென்றோர் இத்தனை பேர், மாண்டோர் இத்தனை பேர் என்ற கணக்கோடு நின்றுவிடுகின்றன. அந்த எண்களுக்குள் இருப்போர் யாரென்று தேடி எழுதும் பணி, உள்ளூர் வரலாற்றில் ஈடுபாடுடைய இளைஞர்களை எதிர்நோக்கிக் காத்திருக்கிறது.

மஞ்சௌரில் சதூரி தேவி மறுமணம் செய்துகொள்ளாமல் நீண்ட காலம் வாழ்ந்தார். கணவரின் பதக்கத்தைப் பொதுவிடங்களுக்கு வரும்போது தம் ஆடையில் அவர் குத்திக்கொள்வதும், சீருடை அணிந்தோரும் ஊராரும் அவருக்குச் சல்யூட் அடிப்பதும் அப்பகுதியில் பல தலைமுறையினர் கண்ட காட்சிகள். ஓர் இளம் கைம்பெண்ணுக்கு மலைச்சமூகம் பொதுவாக அளித்த இடத்தோடு ஒப்பிட்டால் இந்த மதிப்பு அரிதானது. எனினும் வயலும் விறகும் தண்ணீரும் அதனால் அவர் தோளிலிருந்து இறங்கிவிட்டதாகக் கருத இடமில்லை. சம்பாவில் எழுப்பப்பட்ட நினைவுச்சின்னத்தில் ஒவ்வோர் ஏப்ரலிலும் கபர் சிங்கின் பிறந்தநாளையொட்டித் திருவிழா நடைபெறுகிறது. கர்வால் ரைஃபிள்ஸ் அதில் பங்கேற்கிறது. அங்கே நடந்த ஆள்சேர்ப்பு முகாமும் அவ்விழாவின் ஒரு பகுதியாக இருந்துவந்ததால், மலையூர்களிலிருந்து இளைஞர்கள் அஞ்சலி செலுத்தவும் வேலை தேடவும் ஒரே நாளில் அங்கு திரண்டனர். படிவயல்களின் விளைச்சல் போதாமை நூறாண்டுக்குப் பின்னும் தீரவில்லை என்பதையே இது காட்டுகிறது.

1914 செப்டம்பரில் லான்ஸ்டௌனில் சேர்ந்து, 1915இல் பிரான்ஸிலும் 1917இல் மெசப்பொத்தேமியாவிலும் போரிட்டு உயிரோடு திரும்பிய மற்றொரு கர்வாலி வீரர் சந்திர சிங். அவர் 1930 ஏப்ரல் 23ஆம் நாள் பெஷாவர் நகரத் தெருவில், ஆயுதமின்றிக் கூடியிருந்த பட்டாணியர் மீது சுடுமாறு பிறந்த ஆணையை ஏற்க மறுத்து, ஆயுள் தண்டனை பெற்றுப் பதினோராண்டு சிறையில் கழித்தார். அவருடைய வரலாறு அடுத்த பகுதியில் இடம்பெறும்.